ஹலோ, நீங்க மனுஷனா மிஷினா?

2007-ல் புனேவுக்குப் பொட்டி தட்ட வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் ஆணி கொஞ்சம் விநோதமானது. எங்கள் கணினி தானாகவே இங்கிலாந்து வீடுகளுக்குப் போன் போடும். எடுத்தது ஆளா, ஆன்சரிங் மிஷினா என்று அதுவே கண்டுபிடிக்க வேண்டும். ஆள் என்றால் கால்சென்டர் பையனுக்கு இணைப்பு. மிஷின் என்றால் கட்.

இதற்கு ஒரு சின்ன சரித்திரம் உண்டு. பேச்சைக் காந்தத்தில் பதியலாம் என்று டென்மார்க்கின் வால்டெமர் பௌல்சன் 1898-லேயே காட்டிவிட்டார். ஆனால் அமெரிக்க வீடுகளில் ஆன்சரிங் மிஷின் பெருகியது 1980-களில்தான். ப்ரெடிக்டிவ் டயலர் பரவியதும் அப்போதுதான். பத்துப் பேர் வேலை பார்த்தால் இருபது நம்பரைச் சுழற்றும் சமாச்சாரம் அது. மிஷினோடு பேசிச் சம்பள நேரம் வீணாகக் கூடாதே!

கண்டுபிடிக்கும் சூத்திரம் ரொம்ப எளிமை. ஆள் "ஹலோ" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார். மிஷினோ "நாங்கள் வீட்டில் இல்லை, செய்தி சொல்லுங்கள்" என்று நீட்டி முழக்கும். 1999-ல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருளின் மாதிரிக் கணக்கைப் பாருங்கள்: முதல் பேச்சு 1.5 வினாடியைத் தாண்டினால் மிஷின். பேசிவிட்டு 0.8 வினாடி மௌனமானால் ஆள். எடுத்ததும் 2.5 வினாடி சத்தமே இல்லையென்றால், அதுவும் மிஷின்தான்.

அந்தக் கடைசி விதியில்தான் வினை. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டேன். ரிசீவரை எடுக்கும் சத்தம். பிறகு மூன்று வினாடி ஒன்றுமில்லை. அப்புறம்தான், "யாரு... எய்யா, நீயா?"

என் கணக்குப்படி என் அம்மா ஒரு மிஷின்!

அப்படியானால் இங்கிலாந்தில் தனியாக இருக்கும் எத்தனை பாட்டிகள் மணியடித்து ஓடிவந்து, எடுத்து, வெறும் மௌனத்தைக் கேட்டிருப்பார்கள்? யாரோ வேவு பார்க்கிறான் என்று எத்தனை பேர் பயந்திருப்பார்கள்? மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். "பசங்க சும்மா உட்காந்திருப்பாங்களே" என்றார். பேரம் பேசி அரை வினாடி கூட்டிக்கொடுத்தார்!

சட்டம் இன்னும் நிதானமாக வந்தது. அமெரிக்காவில் 2003 விதிப்படி, எடுத்தவர் ஹலோ சொல்லி முடித்த இரண்டு வினாடிக்குள் விற்பனையாளர் லைனுக்கு வந்தாக வேண்டும். பிரிட்டனில் மௌன அழைப்புகளுக்கான உச்ச அபராதம் 2006-ல் 50,000 பவுண்டு ஆனது. 2010-ல் 20 லட்சம் பவுண்டு. மிஷின் என்று முடிவு கட்டிய நம்பரை 24 மணி நேரத்துக்குள் மறுபடி அழைத்தால், பேச ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற விதி 2011-ல் அமலானது.

ஊருக்குப் போன் போடும்போது எதிர்முனையில் சத்தம் இல்லையென்று உடனே வைத்துவிடாதீர்கள் மக்களே. ரிசீவர் காதுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும்.