கடைகள் சட்டமும் இருக்கை உரிமையும்: 1947 – 2021

1947-ஆம் ஆண்டின் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நேரத்தைப் பற்றி மிகுந்த கவனத்தோடு எழுதப்பட்டது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் இடையில் 1 மணி நேர ஓய்வு. வேலையும் ஓய்வும் சேர்ந்து 12 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமும் முன்னறிவிப்பும் இன்றி நீக்கினால் அவர் மேல்முறையீடு செய்யலாம். இவ்வளவும் சொன்ன சட்டம், அந்த 8 மணி நேரமும் பணியாளர் நிற்கிறாரா, உட்கார்கிறாரா என்று கேட்கவே இல்லை.

அக்கேள்வி அன்று யாருக்கும் தோன்றாதது அல்ல. மூன்று பெண் பணியாளர்களுக்கு ஓர் இருக்கை வீதம் கடைகளில் போட வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1899-இலேயே சட்டம் செய்திருந்தது. கடைகள் சட்டத்துக்கு மறு ஆண்டு வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்யும் தொழிலாளர் கிடைத்த இடைவெளியில் ஓய்வெடுக்க இருக்கை வசதி வேண்டும் என்றது. ஆலைத் தொழிலாளிக்கு 1948-இல் கிடைத்தது, தமிழ்நாட்டின் கடைப் பணியாளருக்குக் கிடைக்க 73 ஆண்டுகள் ஆயின.

காரணத்தைக் கடையின் அமைப்பிலேயே தேடலாம் என்று கருதுகிறேன். பழைய ஜவுளிக் கடையில் பாயோ ஜமுக்காளமோ விரித்திருக்கும். வாங்க வந்தவரும் உட்காருவார். எதிரே விற்பவரும் உட்கார்ந்தபடியே சேலையை உதறி விரித்துக் காட்டுவார். காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகள் பலவற்றில் இவ்வழக்கத்தைக் காணலாம். உயரமான கவுன்ட்டரும் அடுக்குமாடிக் கடையும் வந்த பிறகு உட்காருவது சோம்பல் என்றும், நிற்பது வாடிக்கையாளருக்குக் காட்டும் மரியாதை என்றும் ஆயிற்று. ஆக, கடைக்காரர்கள் இன்று மரபு என்று சொல்லும் நிற்றல், வணிக மரபில் பிற்பாடு நுழைந்ததே.

மாற்றம் கேரளத்திலிருந்து வந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளியான பி. விஜி முன்னின்று கட்டிய 'பெண்கூட்டு' அமைப்பு முதலில் கழிப்பறை கேட்டது, பிறகு உட்காரும் உரிமை கேட்டது. 2018-இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் கொண்டுவந்த திருத்தம் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லாப் பணியாளருக்கும் ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1948-ஆம் ஆண்டுப் பிரிவின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது. பிரிட்டிஷ் சட்டம் பெண்களோடு நின்றது. இது ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. அது பெரிய முன்னேற்றம்.

ஆனால் முதலாளிக்கு நடைமுறைச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 'ஏற்ற வசதி' என்றால் எத்தனை இருக்கை? ஸ்டூல் போதுமா, சாய்மானம் வேண்டுமா? கவுன்ட்டருக்குப் பின்னாலா, வேறொரு மூலையிலா? வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தவரை மேற்பார்வையாளர் கண்டித்தால் அது சட்டமீறலா? 22-அ பிரிவின் வாசகம் இவற்றுக்கு விடை தரவில்லை. நேர்மையாக நடக்க விரும்பும் சிறு கடைக்காரரும் ஆய்வாளர் வரும்போது தடுமாறுகிறார். பெயருக்கு நாலு ஸ்டூல் போட்டுவிட்டு யாரையும் உட்காரவிடாத பெரிய கடை தப்பித்துக்கொள்கிறது. எத்தனை பேருக்கு ஓர் இருக்கை என்பதையும், உட்கார்ந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்பதையும் அரசு எழுத்தில் வரையறுக்க வேண்டும். 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எண் சொல்ல முடிந்தது, நம்மாலும் முடியும்.