வாளை விசாரித்த படங்கள்: சாமுராய் சினிமாவும் தமிழ் ரசிகரும்

1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தமிழ்த் திரை ரசிகர்கள் நினைவில் வைக்க வேண்டிய மாதம். அம்மாதம் 13ஆம் நாள் ஏவி.எம். நிறுவனத்தின் 'அந்த நாள்' இங்கே திரைக்கு வந்தது. 26ஆம் நாள் அகிரா குரோசவாவின் 'செவன் சாமுராய்' ஜப்பானில் வெளியானது. முதற்படம் குரோசவாவின் பாதிப்பில் பிறந்த தமிழ்ப்படம். இரண்டாவது, அடுத்த எழுபது ஆண்டுகளாகத் தமிழ் ரசிகர்களும் இயக்குநர்களும் மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கும் படம். சாமுராய் சினிமாவுக்கும் நமக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

இப்படங்களைக் கொண்டாடுவோர் நம்மிடையே எண்ணிக்கையில் சிறு கூட்டம். ஆர்வத்தில் பெரிய கூட்டம். வாள்வீச்சின் அழகுக்காகத்தான் அவர்கள் பார்க்கிறார்கள் என்று பலரும் எண்ணுகிறார்கள். என் கருத்து வேறு. நம்மவர் நெஞ்சில் நிலைத்த சாமுராய் படங்கள் அனைத்தும் வாளை விசாரணைக்கு உட்படுத்திய படங்கள். வீரத்தையும் மானத்தையும் ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடிவரும் ஒரு சமூகத்துக்கு அந்த விசாரணை சொந்த வீட்டு வழக்காகவே படுகிறது.

சென்னைக்கு வந்த ரஷோமான்

குரோசவாவின் 'ரஷோமான்' 1950இல் வந்தது; 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. 1952 ஜனவரியில் பம்பாயில் தொடங்கிய இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் அது இடம்பெற்றது. அவ்விழா சென்னைக்கும் வந்தது. வீணை எஸ். பாலசந்தர் திரைப்பட விழாவொன்றில் 'ரஷோமான்' பார்த்து, அதன் கதை சொல்லும் முறையில் ஒரு நாடகம் எழுதினார். அகில இந்திய வானொலி அதை ஏற்கவில்லை. ஏ.வி. மெய்யப்பன் ஏற்றார். ஜாவர் சீதாராமன் வசனம் எழுத, சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடிக்க, பாட்டு, நடனம், சண்டை எதுவும் இல்லாத படமாக 'அந்த நாள்' உருவானது. படத்தை இயக்கிய பாலசந்தருக்கு அப்போது வயது 27.

அப்படத்தின் கதை நிகழும் நாள் 1943 அக்டோபர் 11. ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட நாள். கொலையுண்ட கதாநாயகன் எதிரி ஜப்பானுக்கு வானொலி வழியே உளவு சொன்ன பொறியாளன். போர் முடிந்து ஒன்பது ஆண்டுகூட ஆகாத நிலையில், ஜப்பானைப் பகைவனாகக் காட்டும் கதையை ஜப்பானியக் கலைஞர் ஒருவரின் வழியில் சொல்லத் துணிந்தார்கள் நம் கலைஞர்கள். கலை விஷயத்தில் நம் முன்னோர் காட்டிய அந்தத் திறந்த மனம் பெருமைக்குரியது.

'ரஷோமா'னில் ஒரு சாமுராய் காட்டில் கொல்லப்படுகிறான். கொள்ளைக்காரன் தஜோமாரு தன் வாக்குமூலத்தில் இருவரும் இருபது தடவைக்கு மேல் வாள் மோதிய பெரும்போராக அதை விவரிக்கிறான். விறகுவெட்டி சொல்லும் கதையிலோ அதே சண்டையில் இருவருக்கும் கை நடுங்குகிறது, மூச்சு வாங்குகிறது, வாள் மண்ணில் குத்திக்கொள்கிறது, தடுக்கி விழுந்து தவழ்ந்து ஓடுகிறார்கள். வீரக்கதைக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள தூரத்தை இந்த இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தே குரோசவா அளந்துவிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2004இல், கமல்ஹாசனின் 'விருமாண்டி' இந்த உத்தியைத் தென்மாவட்டத்து அரிவாளுக்குப் பொருத்தியது. கொத்தாளத்தேவர் ஒரு கதை சொல்கிறார்; விருமாண்டி வேறொன்று சொல்கிறான். இரண்டையும் கேட்ட பார்வையாளர் மரண தண்டனை சரியா என்ற கேள்வியோடு வீடு திரும்புகிறார்.

போருக்குப் பின் பிறந்த கலை

வாளை இப்படி ஐயுறும் மனநிலை ஜப்பானியருக்கு எங்கிருந்து வந்தது? 1945இல் சரணடைந்த நாடு அது. விசுவாசம், மானம், வீரமரணம் என்ற சொற்களைச் சொல்லியே ஒரு தலைமுறை இளைஞர்களைப் போருக்கு அனுப்பிப் பலி கொடுத்த நாடு. அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் நிலவுடைமைக்கால விசுவாசத்தைப் போற்றும் படங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1945இல் குரோசவா எடுத்த ஒரு சாமுராய் படம் 1952இல்தான் திரையைக் கண்டது. கட்டுப்பாடு நீங்கியபின் வாள் மீண்டும் திரைக்கு வந்தது. ஆனால் அதை ஏந்தியவர்கள் பழைய வீரர்களாக இல்லை. எசமானை இழந்து, வேலையின்றி, பசியோடு அலையும் ரோனின்கள் கதாநாயகர்கள் ஆனார்கள்.

இங்கே நம் வாள்படங்களையும் எண்ணிப் பார்க்கலாம். எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' 1958இல் வந்தது. குரோசவாவின் 'ஹிட்டன் ஃபோர்ட்ரஸ்' வந்ததும் அதே ஆண்டில்தான். நம் படங்களில் நல்லவன் கைக்கு வாள் வந்தால் நீதி பிறக்கும். புதிதாக விடுதலை பெற்ற ஒரு மக்களின் நம்பிக்கை அது. தோற்ற நாட்டின் படங்களிலோ நல்லவன் கையிலுள்ள வாளும் துயரத்தை விட்டுச் செல்கிறது. 'சஞ்சுரோ' (1962) படத்தில் ஒரு முதிய பெண்மணி கதாநாயகனிடம், நல்ல வாள் உறைக்குள்ளேயே இருக்கும் என்று அறிவுரை சொல்கிறாள். இறுதிச் சண்டையில் எதிரியை ஒரே வீச்சில் சாய்த்துவிட்டு, தன்னைப் புகழவரும் இளைஞர்கள் மீது அவன் சீறுகிறான். முதல் நம்பிக்கையில் வளர்ந்த தமிழ் ரசிகருக்கு இந்த இரண்டாவது பார்வை புதிய வாசலைத் திறந்துவிட்டது.

கரந்தையும் நடுகல்லும்

'செவன் சாமுராய்' கதை நம் புறத்திணை அறிந்தவருக்கு அந்நியமானதே அல்ல. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கப் பொருதல் கரந்தை. புறப்பொருள் வெண்பாமாலை அதற்குத் தனிப் படலமே வகுத்துள்ளது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகல் ஆகோள் பூசலில் இறந்தவனைக் குறிக்கிறது. செங்கம், தருமபுரி வட்டாரங்களில் ஊரையும் கால்நடையையும் காத்து மாண்டவர்களின் கற்கள் நிறைய நிற்கின்றன. அறுவடையைக் கொள்ளையரிடமிருந்து காக்கும் ஏழு பேரின் கதை, அந்தக் கற்களுக்குப் பின்னுள்ள கதைகளின் உறவுக் கதை.

படத்தின் கடைசியில் ஊரோரம் நான்கு மண்மேடுகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஊன்றிய வாள். நடுகல்லைக் கண்டு பழகிய கண்ணுக்கு அக்காட்சி என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் குரோசவா அங்கே இரண்டு உண்மைகளை வைக்கிறார். மாண்ட நால்வரில் ஒருவரும் வாளால் சாகவில்லை. நால்வருமே துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்கள். கீழே வயலில் உழவர்கள் மேளமும் குழலும் முழங்க நாற்று நட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெற்றி அவர்களுடையது, நமதன்று என்று தலைவர் கம்பேய் சொல்கிறார்.

இப்படத்தில் இன்னும் உள்ளே தைக்கும் காட்சி ஒன்றுண்டு. தோற்றோடும் சாமுராய்களைக் கொன்று உழவர்கள் பறித்து ஒளித்து வைத்திருந்த கவசங்களைக் கிக்குசியோ தூக்கி வருகிறான். மற்றவர்கள் முகம் கறுக்கிறது. அப்போது கிக்குசியோவாக நடித்த தோஷிரோ மிஃபூனே வெடிக்கிறார்: உழவர்கள் கஞ்சர்கள், பொய்யர்கள், கொலைகாரர்கள்தாம், அவர்களை அப்படி ஆக்கியது யார்? ஊரைக் கொளுத்தி, விளைச்சலைப் பறித்து, பெண்களைச் சீரழித்த சாமுராய்களாகிய நீங்கள் அல்லவா? பேசி முடிக்கையில் அவனுடைய கண் கலங்கியிருக்கிறது. அவன் உழவர் மகன் என்பது கம்பேய்க்கும் நமக்கும் ஒருசேரப் புரிகிறது. கம்பேயாக நடித்த தகாஷி ஷிமுராவின் முகம் மெல்லக் கவிழ்கிறது. உழுகுடிக்கும் ஆயுதம் ஏந்திய குடிக்கும் இடையே நம் ஊர்களிலும் ஓடும் பழைய கணக்கு அந்தச் சில நிமிடங்களில் திறந்து வைக்கப்படுகிறது. சண்டைக் காட்சிகளை விடவும் இந்தக் காட்சியைப் பற்றியே நம் ரசிகர்கள் நெடுநேரம் பேசுவது இதனால்தான்.

மூங்கில் கத்தி

மசாகி கோபயாஷியின் 'ஹராகிரி' (1962) இவ்விசாரணையின் உச்சம். கோபயாஷி மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்ட படைவீரர். பதவி உயர்வை மறுத்துச் சாதாரணச் சிப்பாயாகவே இருந்தவர். போர் முடிவில் ஒகினாவாவில் கைதியாக இருந்தவர். படத்தின் காலம் 1630. பிழைப்புக்கு வழியற்ற ஓர் இளம் ரோனின், வயிறு கிழித்து மாள இடம் கேட்டு ஈயி குலத்தின் மாளிகைக்கு வருகிறான். ஏதேனும் காசு கொடுத்து அனுப்புவார்கள் என்பது அவன் எதிர்பார்ப்பு. அவர்கள் சடங்கை நடத்தியே தீருவோம் என்கிறார்கள். நோயுற்ற மனைவிக்கும் குழந்தைக்கும் மருந்து வாங்குவதற்காக வாளை விற்றுவிட்ட அவனிடம் உறையில் இருப்பது மூங்கில் கத்தி. அதைக் கொண்டே கிழித்துக்கொள்ளச் செய்கிறார்கள். பின்னர் அவனுடைய மாமனார் ஹன்ஷிரோ அந்த முற்றத்துக்கே வந்து அமர்ந்து கணக்குத் தீர்க்கிறார். ஹன்ஷிரோவாக நடித்த தத்சுயா நகடாயின் அடங்கிய குரல் அந்த மாளிகையின் மானத்தை ஒவ்வொரு ஏடாக உரித்துக் காட்டுகிறது. முடிவில் குலத்தின் பதிவேடு நடந்ததை மறைத்து, மாண்ட தன் வீரர்கள் நோயால் இறந்ததாக எழுதிக்கொள்கிறது.

வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனையும் அவனுக்காக உயிர்நீத்த பிசிராந்தையாரையும் போற்றும் மரபு நம்முடையது. தன் தலையைத் தானே அரியும் நவகண்டச் சிற்பங்கள் நம் கோயில்களில் உள்ளன. மானத்துக்காக உயிர்விடுதல் என்பதை நாம் வணக்கத்தோடு பார்த்துப் பழகியவர்கள். அந்த வணக்கத்தின் பெயரால் எளியவன் ஒருவன் எப்படி நசுக்கப்படலாம் என்பதை 'ஹராகிரி' காட்டும்போது, நம் மரபையும் புதுக்கண்ணோடு திரும்பிப் பார்க்க நேர்கிறது. அயல்நாட்டுக் கலை செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி இதுவே.

திருமுல்லைவாயிலின் வாள்

வாள் தலைகுனிந்த வரலாறு ஒன்று நம் ஊரான திருமுல்லைவாயிலின் தலபுராணத்திலேயே உண்டு. குறும்பரோடு பொருது பின்வாங்கிய தொண்டைமானின் யானை முல்லைப் புதரில் சிக்கியது. கொடியை வாளால் வெட்டினான், குருதி பெருகிற்று, உள்ளே சிவலிங்கம் இருந்தது. பதறிய மன்னன் அதே வாளால் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முனைய, இறைவன் தோன்றித் தடுத்தாட்கொண்டான். வெட்டுப்பட்ட மாசிலாமணீசுவரருக்கு இன்றும் சந்தனக் காப்பு. மன்னனுக்குத் துணையாகப் புறப்பட்ட நந்தி இறைவனுக்கு முதுகு காட்டி வெளிப்புறம் நோக்கியிருக்கிறது. சுந்தரர் பாடிய தலம் இது. தன் வாள் செய்ததை உணர்ந்து நடுங்கும் மன்னனைக் கதையின் நடுவில் நிறுத்திய ஊருக்குக் கம்பேயும் ஹன்ஷிரோவும் புரியாமல் போக மாட்டார்கள்.

ஜப்பான் என்ற பெயர் நம் மேற்குப் புறநகருக்குத் தொழிற்கூடம் வழியாகவே முதலில் நன்கு அறிமுகமானது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கைசன் (தொடர்மேம்பாடு) என்ற சொல் தெரியாத தொழிலாளி குறைவு. பாடி சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் பரிசை 1998இல் பெற்றது. இந்தியாவில் அதுவே முதல் முறை. அதே 1998இல் ரஜினிகாந்தின் 'முத்து' டோக்கியோவின் ஷிபுயா திரையரங்கில் வாரக்கணக்கில் ஓடியது. அவ்வாண்டு செப்டம்பர் 6ஆம் நாள் குரோசவா மறைந்தார்.

நம் பகுதி ரசிகர்கள் இப்படங்களைத் தேடிப் பார்த்த பாதை எளிதானதன்று. மின்ரயில் ஏறி நகருக்குள் சென்று, பிலிம் சேம்பரில் திரைப்படச் சங்கக் காட்சிகளைப் பார்த்தார்கள். பின்னர் பர்மா பஜாரில் டிவிடி வாங்கினார்கள். 'நிழல்' போன்ற சிற்றிதழ்களும் எஸ். ராமகிருஷ்ணன் போன்ற எழுத்தாளர்களின் உலக சினிமாக் கட்டுரைகளும் வழிகாட்டின. இயக்குநர் மிஷ்கின் குரோசவாவைத் தம் ஆசான் என்று மேடைதோறும் சொல்லி, புதிய தலைமுறையை அப்படங்களின் பக்கம் திருப்பினார். இன்று கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கிறது. ஆனாலும் ஆங்கிலத் துணையுரையைத் தட்டுத் தடுமாறிப் படிக்க வேண்டியிருப்பதால், வாசலிலேயே நின்றுவிடுவோர் பலர்.

ஒரு வேண்டுகோள்

இம்மலரைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் குடியிருப்போர் நலச்சங்கத்தினருக்கும் நூலக அன்பர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நல்ல தமிழில் துணையுரை எழுதி, முறையான அனுமதி பெற்று, இப்படங்களை நம் ஊர்ச் சமுதாயக் கூடங்களில் திரையிடுங்கள். முதலில் 'செவன் சாமுராய்', அடுத்து 'ரஷோமான்', அதன்பின் 'ஹராகிரி' என்ற வரிசை புதியவருக்கு ஏற்றது. 207 நிமிடம் ஓடும் முதற்படத்தை நடுவில் இடைவேளை விட்டே காட்டலாம். அப்படித்தான் அது எடுக்கப்பட்டிருக்கிறது. படம் முடிந்ததும் இளைஞர்களைப் பேசவிடுங்கள். அரிவாள் பிடித்த நாயகனின் சுவரொட்டிக்குப் பாலூற்றும் பிள்ளைகள், ஆயுதத்துக்குப் பின்னால் வரும் துயரத்தையும் ஒருமுறை கண்ணால் காணட்டும். அதற்கு இப்படங்களைக் காட்டிலும் சிறந்த ஆசிரியரை நான் அறியேன்.