விடுமுறைத் தொண்டும் வறிய மாணவரும்

பல்கலைக்கழக மாணவர்க்கு விடுமுறை ஓய்வுக்காலம் என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். வசதி படைத்தோர்க்கு அஃது உண்மையே. வறிய மாணவர்க்கோ அஃது அடுத்த ஆண்டுக் கட்டணத்திற்குப் பொருள் தேடும் காலம். தொண்டாற்ற வருமாறு நாம் அழைக்கும்போது அவர் வாராதிருப்பின், அதற்கு மனமின்மை காரணமன்று, பொருளின்மையே காரணம். இதனை உணர்ந்து ஊதியத்தையும் தொண்டையும் இணைக்க முயன்ற வரலாறு ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. அதனை ஈண்டுக் காண்போம்.

பொருளாதார மந்தமும் இளைஞர் நிருவாகமும்

1929ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ந்தது. நாடெங்கும் வேலையின்மை பரவியது. தந்தையர் வேலை இழந்தனர். பிள்ளைகள் கல்லூரியை விட்டு வெளியேறினர். வெளியேறியோர்க்கு வெளியுலகிலும் வேலை கிட்டவில்லை. இந்நிலையில், 1935 ஜூன் 26ஆம் நாள் அதிபர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் ஆணை பிறப்பித்துத் தேசிய இளைஞர் நிருவாகத்தை நிறுவினார். கல்வியைக் கைவிடாமல் பகுதிநேர வேலை செய்து பொருளீட்ட மாணவர்க்கு வழிவகுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

கல்லூரி மாணவர் ஒருவருக்குச் சராசரியாக மாதம் 15 டாலர் கிடைத்தது. தொகை சிறிதே, ஆயினும் உழைத்துப் பெற்ற ஊதியம் என்பதால் அதனைத் தலைநிமிர்ந்து வாங்க இயன்றது. பின்னாளில் புகழ்பெற்ற நாடகாசிரியரான ஆர்தர் மில்லர், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் எலிகளுக்குத் தீனியிட்டு அத்தொகையைப் பெற்றார். டியூக் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற ரிச்சர்டு நிக்சனுக்கு மணிக்கு 35 சென்ட் கிடைத்தது. கறுப்பின இளைஞர்க்கும் இவ்வாய்ப்புக் கிட்டவேண்டுமென அந்நிருவாகத்தின் உள்ளிருந்தே பாடுபட்டவர் மேரி மெக்லியோடு பெத்யூன் அம்மையார். இரண்டாம் உலகப் போரினால் வேலைகள் பெருகியபின், 1943இல் நிருவாகம் மூடப்பட்டது.

ஓர் ஆசிரியரின் அனுபவம்

இந்நிருவாகத்தின் டெக்சாஸ் மாநில இயக்குநராக 1935இல் பொறுப்பேற்றவர் லிண்டன் ஜான்சன். அப்போது அவருக்கு வயது 26. வறுமை அவர் ஏட்டில் மட்டும் படித்த செய்தியன்று. சான் மார்க்கோஸ் நகர ஆசிரியர் கல்லூரியில் பயின்றபோது, வளாகத்தில் துப்புரவு வேலை செய்து பொருள் தேடியவர் அவர். அதுவும் போதாமையால் படிப்பை இடையில் நிறுத்தி, 1928இல் கொட்டுலா என்னும் சிற்றூரில், மெக்சிகோ வழிவந்த பிள்ளைகள் பயின்ற பள்ளியில் ஆசிரியரானார். காலையுணவின்றிப் பசியோடு வகுப்புக்கு வந்த அப்பிள்ளைகளைப் பிற்காலத்தும் அவர் மறக்கவில்லை. ஈட்டிய ஊதியத்தைக் கொண்டு மீண்டும் கல்லூரி சேர்ந்து, 1930இல் பட்டம் பெற்றார். தம் படிப்புக்காக ஊதியம் தேடிச் சென்றவர், அங்கே தொண்டின் பொருளையும் கற்றுத் திரும்பினார் எனலாம்.

1964ஆம் ஆண்டுக் கோடை

1963 நவம்பரில் ஜான்சன் அதிபரானார். அடுத்த கோடையில் ஏறத்தாழ 1,000 தொண்டூழியர் மிசிசிப்பி மாநிலம் சென்றனர். கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவுபெற அவர்கள் உதவினர். 'விடுதலைப் பள்ளிகள்' நாற்பதுக்கும் மேற்பட்டவற்றில் பிள்ளைகளுக்குப் பாடம் புகட்டினர். அவர்களுள் பெரும்பாலோர் வட மாநில வெள்ளையின மாணவர். ஜூன் 21ஆம் நாள் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் சுவர்னர் ஆகிய மூவரை இனவெறியர் கொன்றனர். குட்மன் 20 வயதுக் கல்லூரி மாணவர். அச்சம் சூழ்ந்த அந்நிலையிலும் மாணவர் பணி நின்றுவிடவில்லை.

இத்தொண்டின் உயர்வை எவரும் மறுக்கவியலாது. எனினும், சென்றவர்கள் தம் செலவைத் தாமே ஏற்கவேண்டியிருந்தது. சிறைப்பட நேர்ந்தால் பிணைக்கென 500 டாலரும் வைத்திருக்கவேண்டும். கோடையில் உழைத்தால்தான் படிப்புண்டு என்றிருந்த மாணவர்க்கு அக்கதவு எளிதில் திறக்கக்கூடியதா?

அதே கோடையில், ஆகஸ்டு 20ஆம் நாள், பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் ஜான்சன் கையொப்பமிட்டார். மிசிசிப்பித் தொண்டூழியர்க்காக எழுந்ததன்று அச்சட்டம். வறுமையை ஒழிக்க வகுக்கப்பட்டது. ஆயினும் வறிய மாணவர்க்கு அஃது ஒரு வழி திறந்தது. அதன்படி அவர்கள் கல்லூரியிலோ பொதுநல அமைப்புகளிலோ வேலை செய்யலாம். ஊதியத்தில் தொடக்கத்தில் 90 விழுக்காடு வரை கூட்டரசு ஏற்கும். பாடம் நடைபெறும் காலத்தில் வாரம் 15 மணிநேரமே வேலை என்று அன்று வரையறுக்கப்பட்டிருந்தது. விடுமுறையில் அதற்கு மேலும் உழைக்கலாம். 1965 நவம்பர் 8ஆம் நாள், இத்திட்டத்தையும் உள்ளடக்கிய உயர்கல்விச் சட்டத்தில், தாம் பயின்ற சான் மார்க்கோஸ் கல்லூரியிலேயே ஜான்சன் கையொப்பமிட்டார்.

சட்டமும் நடைமுறையும்

சட்டம் வந்ததும் யாவும் சீராகிவிடவில்லை. மாணவருள் பெரும்பாலோர்க்கு வளாகத்தின் அலுவலகங்களிலும் நூலகங்களிலும் உணவுக்கூடங்களிலுமே வேலை கிடைத்தது. ஊதியம் வந்தது; தொண்டு பின்தங்கியது. எனவே நிதியில் 5 விழுக்காட்டையேனும் சமூகத் தொண்டுக்கு ஒதுக்கவேண்டும் என 1994 முதல் விதிக்கப்பட்டது. 2000இல் அது 7 விழுக்காடாக உயர்ந்தது. பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பிக்கும் மாணவரின் முழு ஊதியத்தையும் கூட்டரசே ஏற்கும் ஏற்பாடு 1997இல் நடைமுறைக்கு வந்தது.

நாம் கொள்ளத்தக்கது

விடுமுறையில் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர மாணவரை அழைக்கும் ஆசிரியர்களும் சங்கங்களும், வந்தவர்களைப் பாராட்டுவதோடு அமையலாகாது. வாராதவர் எங்கே வேலை செய்துகொண்டிருக்கிறார் என்றும் வினவவேண்டும். பேருந்துக் கட்டணமும் ஒரு வேளை உணவும் சிறு ஊதியமும் கிடைக்குமாயின் அவரும் வருவார். வறுமையை அறிந்த அவரே, பசியோடு வரும் பிள்ளையின் முகக்குறிப்பை முதலில் உணர்வார். கொட்டுலாப் பள்ளி நமக்குச் சொல்லும் பாடம் அதுவே.