ஓர் அகப்பைக் கஞ்சி

கொரிய நாட்டில் 'குக்பாப்' என்று ஓர் உணவு உண்டு. 'குக்' என்றால் சூப், 'பாப்' என்றால் சோறு. கொதிக்கிற சாற்றில் சோற்றைப் போட்டு ஒரே கிண்ணத்தில் தருவார்கள். வழிப்போக்கருக்கென்று அந்நாட்டுச் சத்திரங்களில் விற்ற சாப்பாடு இது. டி.வி.யில் பார்த்துவிட்டு, "அப்பா, இது நம்ம ரசஞ்சோறுதானே?" என்று கேட்டாள் என் மகள். எனக்கு ஞாபகம் வந்ததோ கஞ்சி. அந்தமானில் குடியேறிய நமக்கு அந்தச் சொல்லுக்குள் ஒரு சரித்திரமே இருக்கிறது.

கஞ்சி கடல் கடந்த சொல். போர்ச்சுகீசியரும் ஆங்கிலேயரும் அதை எடுத்துக்கொண்டார்கள். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையிலும் காலை உணவுக்கு அதே பெயர்தான். அலிப்பூர் வழக்கில் தண்டனை பெற்று இங்கு வந்த பாரீந்திர குமார் கோஷ் தமது சிறை நினைவுகளில் அதை விவரித்திருக்கிறார். தேங்காய்ச் சிரட்டைக்குப் பிடி போட்ட அகப்பை. ஆளுக்கு அதில் ஒன்று. வங்காளியும் பஞ்சாபியும் நம் சொல்லைச் சொல்லித்தான் கை நீட்டியிருக்கிறார்கள், பாருங்கள்!

அந்தச் சாப்பாட்டுக்காக உயிரும் போயிருக்கிறது. 1933 மே மாதம் தின்னத்தக்க உணவு, விளக்கு, படிக்கப் புத்தகம் கேட்டு அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா மூவரும் மாண்டனர். மகாவீர் சிங்குக்குக் குழாய் வழியே வலுக்கட்டாயமாக ஊற்றிய பால் நுரையீரலுக்குள் போய்விட்டது. அதன் பிறகே சில வசதிகள் கிடைத்தன.

1942 மார்ச் 23-இல் ஜப்பானியர் வந்தார்கள். போரில் கப்பல் வரத்து அற்றுப்போக, தீவில் அரிசி அரிதாயிற்று. 1945 ஆகஸ்டில், சாப்பிடும் வாய்களைக் குறைக்க நூற்றுக்கணக்கானோரைப் படகேற்றி ஹேவ்லாக் அருகே கடலில் தள்ளினார்கள். தப்பிக் கரையேறியவர்களிலும் பெரும்பாலோர் பட்டினியில் செத்தார்கள். செல்லுலார் சிறையைப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தக் கதையை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

கொரியாவும் அப்போது அதே ஆட்சியின் கீழ்தான், 1910 முதல் 1945 வரை. அங்கே விளைந்த நெல் ஜப்பானுக்குக் கப்பலேறியது. விளைவித்த குடியானவன் மஞ்சூரியத் தினையைத் தின்றான். மகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ குக்பாப்ல என்ன போட்டிருப்பாங்க?" என்றாள்.

நம் தீவுக்கு இன்றைக்கும் பெரும்பகுதி அரிசி கப்பலில்தான் வருகிறது.