‘ஆல்பம்’ என்னும் சொல்: 1990களில் துறையூரை எட்டிய ராக் இசை

1990களில் திருச்சி மாவட்டத்துத் துறையூரில் ‘ஆல்பம்’ என்றால் கல்யாண போட்டோ ஆல்பம்தான். பாட்டுக்கு அந்தச் சொல் பிறகே வந்தது; வந்தபோதும் ‘ஆல்பம் பாட்டு’ என்று, சினிமாவில் இடம்பெறாத பாட்டைக் குறித்தது. ஆங்கில ராக் உலகிலோ ஆல்பம் என்பது ஒரு குழு தன் பெயரிலேயே வெளியிடும் பாட்டுத் தொகுதி. அமெரிக்காவில் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ 1991 செப்டம்பரில் வெளியானது. அதே பத்தாண்டில் உறுமும் கிட்டாரைத் தமிழ்ச் சிற்றூர்க்காரரும் கேட்டார். ஆனால் குழுவின் பெயரில் அல்ல, படத்தின் பெயரில்.

இதற்கு முன்கதை உண்டு. 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’, 1988இல் ‘நத்திங் பட் விண்ட்’ என இளையராஜா படமே இல்லாத இரண்டு கேசட்டுகளைத் தந்தார். இரண்டும் ராக் அல்ல. கதாநாயகன் இல்லாமலும் ஒரு கேசட் நிற்கும் என்பதைக் காட்டியவை. திரைப்பாடல்களில் மின்கிட்டார் அதுவரை பெரும்பாலும் கிளப் காட்சிக்கு உரிய அலங்காரமாகவே இருந்தது.

சென்னையில் ‘நெமெஸிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவில் வாசித்த இளைஞர் 1992இல் ‘ரோஜா’வுக்கு இசையமைத்தார். ஏ.ஆர். ரகுமானின் இந்தக் குழுப் பழக்கம் முழுதாக வெளிப்பட்ட இடம் 1996இல் வந்த ‘காதல் தேசம்’ என்பது என் கணிப்பு. அதில் ‘ஹலோ டாக்டர்’ பாட்டைப் படம் பார்க்காமல் கேட்டால் மேடையில் நிற்கும் குழு ஒன்றுதான் கண்முன் வரும். கிட்டார் குரலுக்குப் பின்னால் பதுங்கவில்லை, குரலோடு முட்டிக்கொள்கிறது. இப்படத்தின் பாடல்களை எழுதியவர் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த வாலி. 1931இல் பிறந்தவர், கல்லூரிப் பையன்களின் கூச்சலை எழுதும்போது அவருக்கு அறுபதைக் கடந்த வயது. தமிழ் ராக்கின் வரலாற்றில் ஸ்ரீரங்கத்துக்கும் பங்கு உண்டு என்றால் கோபுரவாசலில் யாரும் நம்பமாட்டார்கள்.

ஊருக்கு இது வந்து சேர்ந்த வழி கேசட் கடை. கம்பெனி கேசட்டில் ஐந்தாறு பாட்டு, அரை மணி நேரம். அதனால் பலர் 60 அல்லது 90 நிமிட வெற்று நாடா வாங்கி, நோட்டுத் தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்தார்கள். அம்மன் பாட்டு, ‘காதல் தேச’த்தின் ‘முஸ்தபா’, இளையராஜாவின் சோகம், ‘ஹலோ டாக்டர்’ எல்லாம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும். நாடா சிக்கினால் பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டுச் சுற்றுவது; அழிக்கக்கூடாது என்று உடைத்த மூலைத் துளையின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டி மறுபடி பதிவது. பீட்டர் மானுவேல் வட இந்தியக் கேசட் பண்பாட்டைப் பற்றி 1993இலேயே தனி நூல் எழுதினார். நம் சிற்றூர்க் கடைகளுக்கு அப்படியொரு கவனம் வாய்த்திருக்க வேண்டும். கம்பெனி வரிசையைக் கலைத்து, தனக்கான ஆல்பத்தைத் தானே தொகுத்தவர் இந்தக் கேட்பவர்தான்.

திருச்சியில் ராக் மேடை இல்லாமல் இல்லை. அன்றைய மண்டலப் பொறியியல் கல்லூரியின் ‘ஃபெஸ்டெம்பர்’ விழா 1970களிலிருந்தே நடக்கிறது. ஆனால் அது துவாக்குடியில், வளாகத்துக்குள். துறையூர்ப் பையன் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் அந்த வாசலுக்கு இன்னும் வெகுதூரம். பேருந்துக் கட்டணம் மட்டுமே தூரம் அல்ல.

குழுவின் பெயரிலேயே தமிழ் ஆல்பம் பரவலானது 2010களில். கபேர் வாசுகியும் தென்மாவும் சேர்ந்த ‘குரங்கன்’, பிறகு கானாவையும் பறையையும் ராக்கோடு இணைத்து 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இவை கேட்பவரை அடைந்தது இணையம் வழியாக. அதற்குள் கேசட் கடைகள் செல்போன் ரீசார்ஜ் கடைகளாகிவிட்டன.

எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பாட்டை வைத்துக் கேட்டார்கள் என்பதற்கு கேசட் பெட்டிக்குள் பாட்டு வரிசையைக் கையால் எழுதிச் செருகிய அட்டைகளை விட்டால் வேறு சான்று குறைவு. பரணில் பழைய பதிவு நாடா வைத்திருப்பவர்கள், நாடாவில் பூசணம் பிடித்திருந்தாலும், உள்ளே செருகிய அட்டையை மட்டும் எறிந்துவிட வேண்டாம்.