ஓராண்டு ஆறப்போட்ட பட்டை

கஸ்காரா மரத்தின் பட்டையை உரித்த கையோடு கஷாயம் வைத்துக் குடித்தால், மலம் இளகுவதற்கு முன்பே குமட்டிக்கொண்டு வரும். வயிறு பிடித்து இழுக்கும். அதே பட்டையை உலர்த்தி ஓராண்டு போட்டுவைத்தால் மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து. பழம்புளியைப் போல இதற்கும் பழசானால்தான் மதிப்பு.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா முதல் வட கலிபோர்னியா வரை வளரும் சிறிய மரம் இது. குயினால்ட், லம்மி, மக்கா உள்ளிட்ட பூர்வகுடிகள் மலம் இளக்க இதன் பட்டைக் கஷாயத்தைக் குடித்துவந்தார்கள். 1806இல், அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் பயணக்குழு இன்றைய ஐடஹோ பகுதியில் இதன் கிளையொன்றைச் சேகரித்தது. அந்த மாதிரியை ஆராய்ந்த தாவரவியலாளர் ஃபிரெடரிக் பர்ஷின் பெயர் பின்னாளில் மரத்துக்குச் சூட்டப்பட்டது. தாவரவியல் ஏட்டில் மரம் ஏறிவிட்டது. மருந்துக்கடைக்குப் பட்டை வர இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின.

1877இல் கலிபோர்னியாவின் கொலூசாவைச் சேர்ந்த மருத்துவர் ஜே. எச். பண்டி இதன் குணத்தை எழுதி மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். டெட்ராய்ட்டின் பார்க்-டேவிஸ் நிறுவனம் பட்டையின் சாரத்தை விற்பனைக்கு விட்டது. கடும் கசப்பை மறைக்க இனிப்பும் மணமும் சேர்ந்த வகைகளும் வந்தன. 1890இல் அமெரிக்க மருந்து நூலில் இது இடம்பிடித்தது. தேவை பெருகியதும் காடுகளில் பட்டை உரிப்பது பிழைப்பாயிற்று. நின்ற மரத்தைச் சுற்றி உரித்தால் மரம் பட்டுப்போகும். வெட்டி, அடிக்கட்டையைப் பட்டையோடு விட்டால் மறுபடி துளிர்க்கும். அவசரக்காரர்கள் பலர் முதல் வழியில் போனதால் காட்டில் மரம் அருகியது.

ஓராண்டில் பட்டைக்குள் நடப்பது இதுதான்: குடலைப் படுத்தும் ஆந்த்ரோன்கள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கலந்து சாந்தமான பொருள்களாக மாறுகின்றன. ஒரு மணி நேரம் சூடாக்கினாலும் இந்த மாற்றம் நடக்கும். மருந்தாக வேலை செய்யும் கஸ்காரோசைடுகள் பெருங்குடல் வரை அப்படியே போகின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை உடைத்த பிறகே குடல் அசையத் தொடங்கும். இரவில் குடித்தால் காலையில் பலன் தெரிவது அதனால்தான்.

2002இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சீட்டில்லாமல் விற்கும் மலமிளக்கிகளின் பட்டியலிலிருந்து கஸ்காராவை நீக்கியது. அது கேட்ட பாதுகாப்புச் சோதனைத் தரவுகளை எந்த நிறுவனமும் கொண்டுவரவில்லை. ஊட்டச் சேர்க்கை என்ற பெயரில் இன்றும் விற்கிறார்கள். நீண்ட நாள் குடித்தால் உடலில் பொட்டாசியம் குறையும் என்பதை வாங்குபவர் மறக்கக் கூடாது. பட்டையின் முரட்டுத்தனம் அடங்க ஓராண்டு போதுமாக இருந்தது. சோதனைச் சான்றுக்கு நூறாண்டுப் புழக்கமும் ஈடாகவில்லை.