கத்திவாக்கம் நகராட்சி: எல்லையும் கழிமுகமும்

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அப்போது இணைக்கப்பட்ட ஒன்பது நகராட்சிகளுள் கத்திவாக்கமும் ஒன்று. சிறிய நகராட்சிக்கு வருவாயும் பொறியாளர்களும் போதா என்பது இத்தகைய இணைப்புகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கத்திவாக்கத்தின் இடர்ப்பாட்டுக்கு வேர் அதன் அளவில் இல்லை, எல்லைக்கோடு விழுந்த இடத்தில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலையாறு கடல் சேரும் எண்ணூர் முகத்துவாரம் என மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த மணல்திட்டு இவ்வூர். 1708இல் நவாப் தாவூத்கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த ஐந்து ஊர்களில் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டப்பட்டது. 1970இல் தென்கரையில் எண்ணூர் அனல்மின் நிலையம் மின் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் வடகரையில் வடசென்னை அனல்மின் நிலையம் எழுந்தது; 2001இல் எண்ணூர் துறைமுகமும் திறக்கப்பட்டது.

வடகரையில் எழுந்தவை நகராட்சியின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை. சாம்பல் குழாய்களின் கசிவால் கழிமுகம் தூர்ந்தபோது, நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் மீனவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றத்தால் அக்கரையைக் கட்டுப்படுத்த இயலவில்லை. 2011 இணைப்பு இக்குறையைத் தீர்க்கவில்லை. மாநகராட்சியின் வட எல்லையும் இந்தக் கழிமுகத்தோடு நின்றது. இணைப்புக்குப் பின்னும் இரு கரைகளும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருந்தன. 2018இல் சென்னை மாவட்டம் மாநகராட்சி எல்லை வரை விரிந்ததும், ஒரே நீர்ப்பரப்பு இரு ஆட்சியர்களுக்கிடையே பிரிந்தது.

பெரிய அமைப்பால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கால்வாய் வழியே கழிமுகத்தை அடைந்தபோது, மணலியும் கத்திவாக்கமும் ஒரே மாநகராட்சியின் பொறுப்பில் இருந்தன. ஆயினும் பரப்பு கூடியதற்கு ஈடாகப் பிரதிநிதித்துவம் மெலிந்தது. தனி நகர்மன்றம் இருந்த ஊர், 200 வார்டுகள் கொண்ட மன்றத்தின் ஓரத்துக்குச் சென்றது. 2016 முதல் 2022 வரை அந்த மன்றமும் இல்லை. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது, கேள்வி கேட்க ஒரு கவுன்சிலரும் இல்லை.

நார்வேயில் 2020இல் ஒலெசுண்டுடன் இணைக்கப்பட்ட ஹாரம், 2024இல் மீண்டும் தனி நகராட்சியாயிற்று. இணைப்பைத் திருத்த முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் கத்திவாக்கத்தைப் பழைய எல்லையில் மீட்டால் பழைய இயலாமையும் உடன் மீளும். அருகே பழவேற்காட்டு ஏரியில் மீனவர்களின் பாடு முறை, ஊர்களிடையே நீரை முறைவைத்துப் பங்கிடுகிறது. அங்கு ஆளுகையின் அலகு நீர்ப்பரப்பு. அந்த நெறியில், இரு மாவட்ட ஆட்சியர்களும் மாநகராட்சியும் வடகரை ஊராட்சிகளும் துறைமுகமும் மின்வாரியமும் பங்கேற்கும் சட்டபூர்வமான கழிமுக ஆணையம் ஒன்று தேவை. அதில் மீனவக் குப்பங்களுக்கு வாக்குரிமை வேண்டும். கழிவு கலந்தால் அதை நிறுத்த ஆணையிடும் அதிகாரமும் ஆணையத்துக்கு வேண்டும்.